போய்க்கு ஏழு வயது என்று எழுதலாமா?

டாக்டர் ஐயா, வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் நானும் அம்மாவும் ஃப்ளாட்டில், நான்காவது மாடியில் இருக்கிறோம். தெருநாய்களைக் காப்பாற்றும் ஒரு அக்கா, "ரெண்டு வாரம் மட்டும் வச்சுக்கோ, ஆள் பார்த்துடறேன்" என்று ஒரு கிழட்டு நாயைக் கொடுத்துவிட்டுப் போனார். ஜெலுத்தோங்கில் தனியாக இருந்த சீனப் பெரியவர் ஒருவர் இறந்தபின் பிள்ளைகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட, இது கேட் வாசலிலேயே கிடந்ததாம். பெயர் போய். அம்மா அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார், "போய் போய்னு கூப்பிட்டா போயிடும்" என்று மணி ஆக்கிவிட்டார். இப்போது ஒன்பது வாரம் ஆகிறது. கேட்ட ஒரே ஒருவரும் வயதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார். "ஏழு வயசுன்னு போட்டுடலாம், யாருக்குத் தெரியப் போகுது" என்கிறார் அக்கா. இரவில் எழுந்து நடக்கிறது, மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, ஹாலில் சிறுநீர் கழிக்கிறது. மூன்று மாதத்தில் எனக்கு ஜொகூர் பாருவில் வேலை. அம்மாவுக்கு முட்டி வலி, லிஃப்ட்டும் அடிக்கடி கெட்டுப்போகும். அம்மாவோ, "வாசல் தேடி வந்த பைரவரைப் பிடிச்சு இன்னொருத்தர் கையில கொடுக்கறது பாவம்" என்கிறார். நான் என்ன செய்வது?

வணக்கம். வயதிலிருந்தே தொடங்குகிறேன். ஏழு என்று எழுதாதீர்கள். இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை, ஒரு தடவை அந்தத் தப்பைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன். கிளினிக் திறந்த புதிதில் ஒரு பழுப்பு நிறப் பெண் நாய்க்கு வீடு தேடிக்கொண்டிருந்தேன். பல்லைப் பார்த்தால் பத்தைத் தாண்டியது என்று தெரிந்தது. தெரிந்தும் அட்டையில் "சுமார் 7" என்று எழுதினேன், ஏனென்றால் பத்து என்று எழுதினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பாயான் லெப்பாஸில் இருந்து ஓர் இளம் தம்பதி வந்து எடுத்துப் போனார்கள், நாயோடு சேர்ந்து பிள்ளை வளரும் என்ற கனவோடு. ஐந்தாவது மாதமே சிறுநீரகம் போய்விட்டது. அவர்கள் என்னைத் திட்டவில்லை. "முதல்லயே சொல்லியிருந்தா எங்க அப்பாகிட்ட கொடுத்திருப்போம் டாக்டர், அவர் வீட்ல சும்மாதானே இருக்கார், கூடவே இருந்திருப்பார்" என்றார் அந்தப் பையன். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த நாய்க்குச் சரியான வீடு அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது, நான் எழுதிய ஏழு அதை மறைத்துவிட்டது.

இன்னொன்று, போய்க்கு உண்மையில் என்ன வயது என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குட்டியாக இருக்கும்போது பல் முளைப்பதை வைத்து வாரக் கணக்கில் சொல்லலாம். இரண்டு மூன்று வயது தாண்டிவிட்டால் பல் தேய்மானம், காரை, முகத்து நரை இவற்றை வைத்து ஊகிப்பதுதான். எலும்பு கடித்து வளர்ந்த நாய்க்குப் பல் சீக்கிரம் தேயும், சாதம் தின்ற நாய்க்கு அவ்வளவாகத் தேயாது. கண்ணில் நீலம் பூத்த மாதிரி மங்கல் இருக்கிறது என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏழு எட்டு வயதுக்கு மேல் பெரும்பாலான நாய்களுக்கு அது வரும், விழிவில்லை இறுகுவதால் வருவது. எல்லாரும் கண்புரை என்று பயப்படுவார்கள், ஆனால் இதில் பார்வை அதிகம் கெடாது. ஒரு பஞ்சு உருண்டையைச் சத்தமில்லாமல் அதன் முன்னால் கீழே போடுங்கள். கண் பஞ்சோடு சேர்ந்து இறங்கினால் பார்வை இருக்கிறது. ஆகவே "பத்துக்கு மேல் இருக்கலாம்" என்று எழுதுங்கள், அதுதான் உண்மை.

சரி, இரவு விஷயம். அம்மா இதை எமன் வருகிறான், ஏதோ தெரிகிறது என்று எடுத்துக்கொண்டிருப்பார், நம் வீடுகளில் அப்படித்தான். நான் முதலில் கேட்பது வேறு: ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது? எடை 14 கிலோ என்று சொல்கிறீர்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது போய்க்கு நாளுக்கு 1.4 லிட்டருக்கு மேல் போனால் அது அதிகம். ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில் ஒன்றை நிரப்பி வையுங்கள், 24 மணி நேரமும் அதிலிருந்து மட்டும் ஊற்றுங்கள், மறுநாள் அதே நேரத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். மிச்சமே இல்லை, மேலும் கேட்கிறது என்றால் ஹாலில் சிறுநீர் கழிப்பதற்குப் பழக்கக் குறை காரணமில்லை, உள்ளே ஏதோ நடக்கிறது. சிறுநீரகமாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். ஜெலுத்தோங்கில் அத்தனை வருடம் வீட்டுக்குள் இருந்த நாய், பழக்கம் தெரியாமல் செய்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்காகத் தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதீர்கள், நிறையப் பேர் இரவு கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள், சிறுநீரகம் பழுதான நாய்க்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

மூலையில் நிற்பது, பகலில் தூங்கி இரவில் உலாத்துவது, கதவின் கீல் பக்கம் போய் நின்று திறக்கும் என்று காத்திருப்பது, இவையெல்லாம் சேர்ந்து வந்தால் முதுமை மறதியும் இருக்கலாம். மனிதர்களுக்கு வருவது போலத்தான், நாய்க்கும் மூளை தேயும். ஆனால் வலியும் நாயை இரவில் நடக்க வைக்கும், பார்வைக் குறைவும் நடக்க வைக்கும், அதனால் மறதி என்று முடிவு கட்டுவது கடைசியில்தான். இப்போதைக்கு ஹாலில் ஒரு சிறிய விளக்கை எரியவிடுங்கள், படுக்கையை இடம் மாற்றாதீர்கள், படுக்கப் போகும் முன் ஒரு தடவை கீழே கூட்டிப் போங்கள்.

கொடுப்பதற்கு முன் ஒரு முழுப் பரிசோதனை வேண்டும். சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகும், அதை அந்த அக்காவிடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். தற்காலிகமாக வைத்துக்கொள்பவர் இடமும் நேரமும் தருகிறார், மருத்துவச் செலவு காப்பாற்றியவர் பக்கம் என்பதுதான் பொதுவான ஏற்பாடு, முதல் நாளே பேசியிருக்க வேண்டியது. ரத்தத்தில் அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சில சொட்டு ரத்தத்தில் பத்து நிமிடத்தில் இதயப்புழுவும் உண்ணிக் காய்ச்சலும் பார்க்கும் கிட் இருக்கிறது, நம் ஊர்க் கொசுவுக்கும் உண்ணிக்கும் அதைத் தவிர்க்கவே கூடாது. இதயப்புழு இருக்கிறதா என்று பார்க்காமல் மாதாந்தரத் தடுப்பு மாத்திரையைத் தொடங்காதீர்கள், ரத்தத்தில் புழுக்குஞ்சுகள் இருந்தால் அவை மொத்தமாகச் செத்து நாய்க்கு அதிர்ச்சி வரலாம். சிறுநீர் மாதிரிக்குக் காலையில் முதல் தடவை கால் தூக்கும்போது பின்னாலிருந்து ஒரு சுத்தமான அகப்பையை நீட்டிப் பிடியுங்கள். சிரிக்காதீர்கள், இதைவிட நல்ல முறையை இத்தனை வருடத்தில் நான் பார்க்கவில்லை. மூடி போட்ட டப்பாவில், ஃபிரிட்ஜில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் போதும். அந்த அகப்பையைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள், அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு வேலை, செலவில்லாதது: போய் நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குக் கீழே இருக்க வேண்டும். தொடர்ந்து சில நாட்கள் அதைத் தாண்டினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். எண்ணியதை எழுதி வையுங்கள், பின்னால் எடுத்துக்கொள்கிறவருக்கு உதவும்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டிய இரண்டு மூன்று விஷயங்கள். சாம்பார் சாதம் வேண்டாம், அதில் வெங்காயம் இருக்கிறது, நாயின் ரத்தச் சிவப்பணுவை வெங்காயம் உடைக்கும், பூண்டும் அப்படியே. வெறும் தோசை ஒரு துண்டு கொடுத்தால் கொடுக்கட்டும், அதற்கு நான் சண்டைக்கு வர மாட்டேன். கால் வலிக்கிறதே என்று பனடோல் (பாராசிட்டமால்) கொடுக்கக் கூடாது, மனிதர்களுக்கான வலி மாத்திரை எதுவுமே கூடாது. முட்டிக்குத் தான் தேய்த்துக்கொள்ளும் கோடாலித் தைலத்தைப் பாசத்தில் போயின் காலிலும் தேய்த்துவிடுவார், எனக்குத் தெரியும், மாதம் ஒருவராவது அப்படி வருகிறார்கள். நாய் அதை நக்கும், வயிற்றுக்குள் போகும். மூட்டு வலிக்கு நாய்க்கென்றே மருந்து இருக்கிறது, சிறுநீரக முடிவு வந்ததும் பார்த்துக் கொடுக்கலாம். அதற்குள் நகத்தை வெட்டிவிடுங்கள், வழுக்குகிற டைல்ஸ் மேல் பழைய யோகா பாயைப் போடுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே குறையும். லிஃப்ட் கெட்ட நாளில் பெரிய துண்டு ஒன்றை வயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்தால் நாய் தானே படி இறங்கும், எடை பாதி உங்கள் கையில் வந்துவிடும். ஆனால் அது உங்கள் கை, அம்மாவின் கை அல்ல. நான்கு மாடி, முட்டி வலி, பதினான்கு கிலோ. நீங்கள் ஜொகூர் போனபின் இதை அம்மாவின் தலையில் விட முடியாது, அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஃப்ளாட்டில் நாய் வைக்க அனுமதி இருக்கிறதா என்றும் கேட்டீர்களா? பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள், நல்ல மனுஷி. அவர் லிஃப்ட்டில் இருந்தால் அடுத்ததில் போங்கள், கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மத வழக்கப்படி ஏழு தடவை கழுவும் வேலை. ஆனால் மாநகர் மன்ற உரிமமும் நிர்வாகத்தின் விதியும் வேறு, யாரோ ஒருவர் புகார் கொடுத்த பிறகு கேட்டால் பயனில்லை. 2015-இல் இங்கே வெறிநாய்க்கடி நோய் வந்தபோது தெருநாய்களைப் பிடித்துக் கொன்றதை பினாங்குக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கழுத்துப்பட்டை, உங்கள் போன் எண், தடுப்பூசி அட்டை, முடிந்தால் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப், இவை இல்லாமல் போய் வெளியே கால் வைக்கக் கூடாது.

அப்புறம் விளம்பரம். இப்போது போட்டிருப்பதை அனுப்பியிருந்தீர்கள்: "பாவப்பட்ட நாய், அன்பான வீடு தேவை, அவசரம்." இதைப் படித்தால் எனக்கே போனை வைத்துவிடத் தோன்றுகிறது. பரிதாபத்தில் எடுக்கிறவர் பரிதாபம் தீர்ந்ததும் திருப்பிக் கொடுப்பார். வயதான நாயிடம் குட்டியிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, அது எப்படிப்பட்டது என்பது ஏற்கெனவே தெரியும். குட்டி எவ்வளவு பெரிதாகும், சோபாவைக் கடிக்குமா, பிள்ளைகளைப் பிடிக்குமா, யாருக்கும் தெரியாது. போய் எப்படி என்று ஒன்பது வாரம் கூடவே இருந்த உங்களுக்குத் தெரியும். அதை எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"போய், ஆண், கருத்தடை செய்தது, 14 கிலோ, பத்து வயதுக்கு மேல் இருக்கலாம். தனியாக நாலு மணி நேரம் சத்தமில்லாமல் இருக்கும். ஹொக்கியன் சீனம் புரியும், தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறது. காலையில் இருபது நிமிடம் மெதுவாக நடந்தால் போதும். பூனையைத் துரத்தாது, துரத்த முடியவும் முடியாது. இரவில் ஒரு தடவை எழும். ரத்தப் பரிசோதனை முடிவுகள் கையில் உள்ளன, கேட்டால் காட்டுவோம். படி இல்லாத வீடு வேண்டும்."

கடைசி வரியையும் "இரவில் ஒரு தடவை எழும்" என்பதையும் எடுத்துவிடாதீர்கள். அவை ஒத்துவராத பத்துப் பேரை விலக்கும், மிச்சமிருக்கும் ஒருவர்தான் நமக்கு வேண்டும். படமும் மாற்றுங்கள். கூண்டுக் கம்பிக்குப் பின்னால் இருக்கும் சோகப் படம் வேண்டாம், அம்மா காலடியில் படுத்துத் தூங்குவதை எடுங்கள்.

ஹொக்கியன் என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் அத்தனை வருடமும் "லாய்", "சியாக்" என்றுதான் கூப்பிட்டிருப்பார், வரக் கூப்பிட்டது "லாய்", உண்ணக் கூப்பிட்டது "சியாக்". நீங்கள் "மணி, இங்க வா" என்றால் அது காது கேட்காத நாய் மாதிரி நிற்கும். உண்மையில் காது கேட்கிறதா என்று பார்க்க ஒரு நாள் பின்னாலிருந்து "லாய்!" என்று சொல்லிப் பாருங்கள். திரும்பினால் எனக்கு எழுதுங்கள். மணி என்ற பெயர் இருக்கட்டும், இரண்டு பெயருக்கும் நாய் பழகும்.

யாருக்குக் கொடுப்பது? இளம் குடும்பங்களை விடுங்கள். சமீபத்தில் தங்கள் கிழட்டு நாயை இழந்தவர்கள், வேலை ஓய்வு பெற்றுத் தரைவீட்டில் இருப்பவர்கள், பகலில் யாராவது வீட்டில் இருக்கும் இடம். என் அனுபவத்தில் ஒரு நாயை அடக்கம் செய்துவிட்டு "இனிமே நாயே வேணாம்" என்று சொல்கிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்து இப்படி ஒன்றை எடுக்கிறார்கள், குட்டியை வளர்க்கத் தெம்பில்லை, வெறும் வீடும் பிடிக்கவில்லை. இவர்களை இணையத்தில் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். கால்நடை மருத்துவர்களிடம் சொல்லி வையுங்கள், எங்களுக்குத் தெரியும் யார் வீட்டில் கிண்ணம் காலியாக இருக்கிறது என்று. ஜாலான் ஜெட்டியில் இருக்கும் விலங்குவதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.விலும் கேட்டுப் பாருங்கள், ஆனால் கேட்பது ஆள் தேடித் தரச்சொல்லி மட்டுமாக இருக்கட்டும். இந்த வயதில் கூண்டு வேண்டாம்.

ஆள் வந்தால் அவர் வீட்டுக்கு நீங்கள் போங்கள், போயையும் கூட்டிக்கொண்டு. நாய் எங்கே படுக்கும் என்று கேளுங்கள். "வெளியே, கேட் பக்கம்" என்று பதில் வந்தால் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். உடம்புக்கு முடியாமல் போனால் யார் செலவு செய்வது, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதம் இருக்கிறதா, இதெல்லாம் கேட்பதில் தப்பில்லை, பெண் கொடுக்கும் வீட்டில் நாம் கேட்காததா. இரண்டு வாரம் வைத்துப் பார்க்கட்டும், சரிவரவில்லையென்றால் உங்களிடமோ அக்காவிடமோதான் திரும்பி வரவேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

ஒருவேளை பரிசோதனையில் சிறுநீரகம் மோசம், மாதக் கணக்குத்தான் என்று வந்தால் இதெல்லாம் மாறும். அப்போது வீடு தேடுவதை நிறுத்துங்கள். காப்பாற்றியவர் மருந்துச் செலவைப் பார்க்க, நாய் கடைசிவரை ஒரே வீட்டில் இருக்கும் ஏற்பாடு உண்டு, படி இல்லாத வீட்டில் அப்படி வைத்துக்கொள்ளச் சம்மதிப்பவரை அக்காவோடு சேர்ந்து தேடலாம். சாப்பாட்டை மறுத்து, எழவும் முடியாமல் போனால் ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைப்பதைப் பற்றியும் அன்று பேசலாம். இன்றைக்கு வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஒரு நாள் காலையில் திடீரென்று தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் இங்குமங்கும் ஆடி, நாய் உருண்டு விழுந்தால் பக்கவாதம், முடிந்தது என்று அழாதீர்கள். கிழட்டு நாய்களுக்கு உள்காதின் சமநிலை கெட்டு இப்படி வரும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் சில வாரத்தில் தேறிவிடும். உடனே கொண்டு வாருங்கள், அவ்வளவுதான். புது வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கொடுக்கும் நாள். காலையில் கொடுங்கள், இருட்டும் முன் வீட்டைச் சுற்றிப் பார்க்க அதற்கு நேரம் வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரமோ, சீனப் புத்தாண்டோ, குறிப்பாக எட்டாம் நாள் நள்ளிரவு ஹொக்கியன்காரர்கள் வெடி வெடிக்கும் நேரமோ வேண்டவே வேண்டாம், புது இடத்தில் வெடிச்சத்தம் கேட்டு ஓடிய நாய்க்குத் திரும்பும் வழி தெரியாது. முதல் வாரங்களில் கழுத்துப்பட்டை ஒரு கயிறு, மார்புப்பட்டை ஒரு கயிறு, இரண்டும் போட்டு நடக்கட்டும். அது படுத்த போர்வையைத் துவைக்காமல் அப்படியே கொடுங்கள், நாற்றம்தான், அந்த நாற்றம்தான் அதற்கு வீடு. இரண்டு வாரத்துக்கு அதே சாப்பாடு, அதே நேரம். முதல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாது, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துப் புது ஆள் பயந்துவிடக் கூடாது. மூன்று வாரத்தில் அந்த வீட்டு நேரம் அதற்குப் பிடிபடும், மூன்று மாதத்தில் கதவு மணிக்குக் குரைக்கும். காப்பாற்றும் வேலையில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு இது, சரியாக எண்ணி வராது, ஆனால் ஏறக்குறைய அப்படித்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா சொன்ன பாவத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் கேளுங்கள், அந்த ஃப்ளாட்டில் எத்தனை பேர் "பைரவர்" என்று கும்பிட்டுவிட்டு ஒரு பிஸ்கட் போட்டுப் போகிறார்கள், எத்தனை பேர் வீட்டுக்குள் விட்டார்கள் என்று. அவர் விட்டார். பூட்டிய கேட்டுக்கு வெளியே கிடந்ததை எடுத்து ஒன்பது வாரம் சோறு போட்டு, கூப்பிடப் பெயரும் வைத்தார். பெரியவரை இழந்து உங்களிடம் பழகிய நாய் இன்னொருவரிடமும் பழகும், நாய்களால் அது முடியும், வயதானவற்றாலும் முடியும். நான்காவது மாடியில், லிஃப்ட் இல்லாத நாளில், பிடித்துவைத்த சிறுநீரோடு அது கதவருகே நிற்பதை விட அது நல்லது.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி இருந்தது, எழுத்து வேறு, அம்மாவுடையது என்று நினைக்கிறேன்: "கொடுத்த பிறகு நான் போய்ப் பார்க்கலாமா?" முதல் மூன்று வாரம் வேண்டாம் அம்மா, அது குழம்பும். அதற்கு அப்புறம் தாராளமாகப் போங்கள். தைலம் பூசிக்கொண்டு போனீர்கள் என்றால் கதவு திறப்பதற்கு முன்பே உங்களைக் கண்டுபிடித்துவிடும்.